கருக்குழாய்க் கர்ப்பம்: ஊசி போட்ட பிறகுதான் பொறுமை தேவைப்பட்டது

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் இருக்கிறோம். நாள் தள்ளிப் போய், அப்புறம் கறுப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் பட ஆரம்பித்தது, கூடவே இடது அடிவயிற்றில் சுளீர் சுளீரென்று வலி. வாயுவாக இருக்கும் என்று மாமியார் ஓம வாட்டர் கொடுத்தார். வலி விடவில்லை. அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனோம், இங்கே அதற்குக் காசு கிடையாது.

முதலில் சிறுநீரைத்தான் கேட்டார்கள். கர்ப்பம் என்று வந்ததுமே நர்ஸம்மாவின் முகம் மாறிவிட்டது. பிரஷர், நாடி, ரத்தப் பிரிவு எல்லாம் கிடுகிடுவென்று நடந்தது. இந்த ஊர் மொழியான கிரியோலில் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்று: தோள்பட்டை வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா? வயிற்றுக்கும் தோளுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கி, அந்தக் குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்தால் அது உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசையை) உறுத்தி, வலி தோளில் தெரியுமாம். அப்படி இருந்தால் நேரே ஆபரேஷன்தான்.

உள்வழி ஸ்கேனில் கருப்பை காலி, இடது குழாயருகே சின்னதாக ஒரு கட்டி, அதாவது கருக்குழாய்க் கர்ப்பம். கருவுக்கு இதயத் துடிப்பு இல்லை, குழாய் வெடிக்கவில்லை, பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் அளவும் குறைவு. அதனால் கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டார்கள், உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்குப் போட்டு.

ஊசியோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரை, புரூஃபன் என்ற வலி மாத்திரை இரண்டுக்கும் தடை, வெயிலும் ஆகாது (இந்த ஊரில் வெயிலுக்கு எங்கே போய் ஒளிவது!). 4ஆம் நாள் ரத்தம் எடுத்தபோது எச்சிஜி ஏறியிருந்தது, நான் அழுதே விட்டேன். ஊசிக்குப் பிறகு கொஞ்சம் ஏறுவது சகஜம், 4ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் நடுவில் 15 சதவீதமாவது இறங்குகிறதா என்பதுதான் கணக்கு என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். எனக்கு இறங்கியது. இறங்காவிட்டால் இன்னொரு ஊசி, இல்லையென்றால் லேப்ராஸ்கோப்பி என்ற சிறு துளை ஆபரேஷன்.

அப்புறமும் அளவு முழுசாக இறங்கும் வரை வாராவாரம் ரத்தம் கொடுத்தேன், ஏனென்றால் எண் இறங்கும்போதும் குழாய் வெடிக்கலாம். திடீரென்று வலி கூடினாலோ மயக்கம் வந்தாலோ 114க்கு அடித்து சாமு ஆம்புலன்ஸை வரவழைக்கச் சொன்னார்கள். அடுத்த குழந்தைக்கு 3 மாதமாவது பொறுக்க வேண்டும், அப்போது நாள் தள்ளிப் போனதுமே சீக்கிரம் ஸ்கேனுக்கு வந்துவிட வேண்டும்.