சீமெந்துச் சுவருக்குள் ஒரு சோடி ஸ்பீக்கர்

கல்லுச் சுவர், சீமெந்துப் பூச்சு, ரைல்ஸ் நிலம். யாழ்ப்பாணத்து அறைகள் பெரும்பாலும் இப்படித்தான். 15 அடி நீளம், 12 அடி அகலமான அப்படியொரு அறையில் ஸ்பீக்கர்களை மூலையில் வைத்தபோது, தவிலின் தொப்பி (தடித்த ஒலி தரும் பக்கம்) அடிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வண்டாய் இரைந்தன. மூலையில் மூன்று பரப்புகள் சேர்ந்து பேஸை, அதாவது தாழ்ந்த சுருதி ஒலியை, பெருப்பிக்கும். அம்ப்ளிஃபயரில் பேஸைக் குறைப்பது இதற்கு மருந்தல்ல, ஸ்பீக்கரை நகர்த்த வேண்டும்.

நகர்த்தவும் கணக்குண்டு. முன்சுவரில், அதாவது ஸ்பீக்கருக்குப் பின்னாலுள்ள சுவரில், பட்டுத் திரும்பும் அலை ஒரு குறித்த சுருதியில் நேர் அலையை அழித்துவிடும். 30 பாகை வெப்பத்தில் 286ஐ ஸ்பீக்கர் முகத்துக்கும் சுவருக்கும் இடையிலான அடிக்கணக்கால் பிரித்தால் அந்தச் சுருதி வரும்: 2 அடிக்கு 143 ஹெர்ட்ஸ், 3 அடிக்கு 95. முன்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் ஒரே தூரம் விட்டால், ஒலி அழியும் இரண்டு பள்ளமும் ஒரே சுருதியில் விழும். அதனால் பின்னால் 2 அடி 4 அங்குலம், பக்கத்தில் 3 அடி விட்டோம்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில் 6 அடி. சமபக்க முக்கோணம் என்று கதிரையைப் போட்டால், அது முன்சுவரிலிருந்து ஏழரை அடியில், சரியாக அறையின் நடுவில் வந்து நின்றது. இங்கேதான் பலர் பிழைவிடுவார்கள். 15 அடி நீளத்துக்கு 38 ஹெர்ட்ஸ் நிலையலை (இரு சுவர்களுக்கிடையே இடம் மாறாமல் நிற்கும் அலை) உருவாகும். அதுவும் அதன் மூன்று மடங்கான 114ம் நடு அறையில் கேட்காது. கதிரையை முன்சுவரிலிருந்து 9 அடிக்குத் தள்ளியதும் தொப்பிக்கு உடம்பு வந்தது. முக்கோணம் சற்று நீண்டது, பாதகமில்லை. ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினால் போதும். உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரோடு ஒட்டி இருக்கவேண்டாம், அங்கே பேஸ் வீங்கும்.

இனிச் சுவர். கையைத் தட்டினால் 'டிர்ர்' என்று கேட்பது நேரெதிர்ச் சுவர்கள் ஒலியைத் தங்களுக்குள் எறிந்து விளையாடுவதால். கதிரையில் ஒருவர் இருக்க, இன்னொருவர் பக்கச்சுவரோரம் கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் 4 அங்குலத் தும்பு மெத்தையைச் சுவரிலிருந்து 2 அங்குலம் விலக்கி நிறுத்துங்கள். முட்டைத் தட்டும் பனையோலைப் பாயும் இதற்கு உதவாது. 38 ஹெர்ட்ஸ் அலையோ 30 அடி நீளம், மெத்தைக்கும் அடங்காது. அதைக் கதிரையின் இடத்தால்தான் தவிர்க்கலாம்.

ஒரு பக்கத்தில் மட்டும் யன்னல் திறந்திருந்தால் பாடகர் குரல் மற்றச் சுவர்ப் பக்கம் சாயும். அந்தச் சுவருக்கும் ஒரு மெத்தை வையுங்கள், அல்லது கேட்கும் நேரம் யன்னலைச் சாத்துங்கள்.