நேரசூசி வாசிக்காத பக்கம்

மட்டக்களப்பில் ஒரு டியூட்டரிக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தேன். இணையப் பக்கங்களைச் சோதிக்கும் லைட்ஹவுஸ் என்ற கருவியில் அணுகல்தன்மைக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளும் பாவிக்க முடிகிறதா என்பதற்கு, 100 புள்ளி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டேன்.

அடுத்த கிழமை அங்கே படிக்கிற பிள்ளை ஒன்றின் தகப்பன் கூப்பிட்டார். ஆரையம்பதிக்காரர், பார்வை இல்லாதவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்.

"தம்பி, நேரசூசி எங்க இருக்கு?"

"முதல் பக்கத்திலேயே பெரிசா இருக்கு, சேர்."

"எனக்கு 'கிராஃபிக், நேரசூசி' எண்டுதான் சொல்லுது. மறுகா ஒண்டும் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு கல்லடிப் பாலம் தாண்டிப் போனேன். அவர் பாவிப்பது என்விடிஏ. 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கிய, திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் இலவசத் திரைவாசிப்பான் அது. சேர் அதை ஓடவிடும் வேகத்தில் எனக்கு ஒரு சொல் பிடிபடவில்லை. எனக்காகக் குறைத்தார், கொஞ்சம் நக்கலாகச் சிரித்தபடி.

நேரசூசியை நான் படமாகப் போட்டு, படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் மாற்று உரையில் 'நேரசூசி' என்று எழுதியிருந்தேன். மாற்று உரை இருந்ததால் சோதனைக் கருவிக்குத் திருப்தி. சேருக்கு அதில் என்ன பயன்? அங்கேயே உட்கார்ந்து அதை அட்டவணையாக அடித்தேன். தலைப்புக் கட்டங்களை தலைப்பு என்றே குறித்த பிறகு, கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்து அம்புக்குறியைத் தட்டத் தட்ட 'செவ்வாய்', 'கணிதம்', 'பி.ப. 4.00' என்று வந்தது. ஆனால் ஆங்கிலக் குரல் தமிழோடு மல்லுக்கட்டியது. வார்ப்புருவில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே இருந்திருக்கிறது. மொழிக் குறியை 'ஈஎன்' (en) என்பதிலிருந்து 'டிஏ' (ta) என்று மாற்ற ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

பெரிய வில்லங்கம் அறிவித்தல்கள்தான். டியூட்டரியில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்துத் தருவார்கள். நான் அந்த எழுத்துருவையும் சேர்த்து அப்படியே ஏற்றிவிடுவேன். கண்ணுக்கு அழகான தமிழ். 'வணக்கம்' என்ற சொல்லில் சேர் எழுத்தெழுத்தாக நகர்ந்தார்: டி, இஸட், எஃப், செமி, எஃப், கே, செமி. பாமினி ஆங்கில எழுத்துகளையும் குறிகளையும் தமிழ் வடிவத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான்; அடியில் கிடந்தது அந்த ஆங்கிலம்தான். எல்லாவற்றையும், தமிழ் எழுத்தைத் தமிழாகவே வைத்திருக்கும் யுனிகோடுக்கு மாற்ற இரண்டு இரவு போனது. மாற்றும் கருவி தந்ததிலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடந்தன, கையால் திருத்தினேன்.

பதிவுப் படிவத்திலும் ஒரு கூத்து. தொலைபேசி இலக்கத்தில் ஒன்று குறைந்தால் பெட்டி சிவப்பாகும், அவ்வளவுதான். சேர் 'அனுப்பு' பொத்தானை மூன்று தரம் அழுத்திவிட்டு, "கரண்ட் போயிற்றா தம்பி?" என்றார். இப்போது பிழை எழுத்தில் வருகிறது, வந்த உடனே வாசிக்கவும்படுகிறது, கர்சரும் அந்தப் பெட்டிக்கே போகிறது.

மேலே அலங்காரத்துக்குக் கல்லடிப் பாலத்தின் படம் போட்டிருந்தேன். அதற்கு இரண்டு வரி விவரணை, பெருமையாக எழுதியது. "பாலத்தை எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு பக்கத்திலயும் ஏன் இதைச் சொல்லுது?" சரி, மாற்று உரையை வெறுமையாக விட்டேன். அப்படி விட்டால் திரைவாசிப்பான் படத்தைத் தாண்டிப் போய்விடும்.

டியூட்டரிக்காரர் இன்னும் பாமினியில்தான் அனுப்புகிறார். போன மாதம் வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை என்ற அறிவித்தலை மாற்றி ஏற்றிப் பத்து நிமிடம் ஆகவில்லை, சேர் கூப்பிட்டார்.

"வெள்ளி எண்டது சரி. திகதி பிழை, தம்பி."

பார்த்தேன். பிழைதான்.