குமுளிப் பையில் வந்த ஒன்பது டீ

கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு மலை இறங்கிய குடும்பம் கம்பம் பள்ளத்தாக்கில் கிடையாது. நேந்திரம் சிப்ஸ் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வருவதற்குள் பாதி காலி. மீதிப் பாதி வீட்டு வாசலில் காலி. பைக்குள் கடைசியில் நிற்பது டீ பாக்கெட்டுகள்தான். சாதா டஸ்ட், இலைத் தேயிலை, கிரீன் டீ, வெள்ளைத் தேயிலை, ஏலக்காய், மசாலா, லெமன், சாக்லேட், போதாததற்கு நீலக்கலர் சங்குப்பூ. மறுநாள் காலையில் ஒன்றைப் போட்டுக் குடித்ததும் மாமா கேட்கிற கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றே: "கடையில குடிச்சப்ப நல்லா இருந்துச்சே?"

நன்றாகத்தான் இருக்கும். கடையில் நீட்டுகிற குட்டிப் பேப்பர் கப்பில் பாலும் சீனியும் தாராளம். பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்து அமுக்கிவிடும், மிச்சக் குறையைச் சீனி மூடிவிடும். அந்தக் கூட்டணியில் மரத்தூளுக்குக்கூட டெபாசிட் போகாது. தூளின் யோக்கியதை தெரிய வேண்டுமானால் கடையிலேயே "சேட்டா, கட்டன்" என்று கேட்க வேண்டும், பாலும் இல்லாமல் சீனியும் இல்லாமல். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும். பரவாயில்லை.

வீட்டில் ருசி பார்ப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று உலகத் தரமே இருக்கிறது. 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் தூள், கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி 6 நிமிடம். இதே முறையைச் சொல்லும் பி.எஸ். 6008 என்ற தரத்தில் டீ போடுவதை ஆறு பக்கத்துக்கு விளக்கியதற்காக, பிரிட்டிஷ் தர நிறுவனம் 1999இல் இக் நோபல் என்ற கிண்டல் பரிசை வாங்கியது. சிரித்தாலும் முறை சரியானது. ஆறு நிமிடம் என்பது குடிப்பதற்கான கணக்கு இல்லை, தூளின் குறைகளை வெளியே இழுப்பதற்கான கணக்கு. குடிக்க மூன்று, நான்கு நிமிடம் போதும்.

தராசு இல்லாத வீட்டில் தேக்கரண்டிதான் அளவு. இங்கேதான் முதல் சறுக்கல். டஸ்ட் தூளைத் தலைதட்டி ஒரு கரண்டி எடுத்தால் 2 கிராமை ஒட்டி வரும். வெள்ளைத் தேயிலை பஞ்சு மாதிரி, அதே கரண்டியில் ஒரு கிராம்கூடத் தேறாது. இரண்டையும் ஒரே கரண்டியில் அளந்துவிட்டு "வெள்ளை டீயில சாரமே இல்ல" என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். பத்து ரூபாய் நாணயம் போடுகிற உண்டியலில் பத்துப் பைசா போட்டுவிட்டு எண்ணிக்கையைச் சரிபார்க்கிற கதை.

அடுத்தது உறிஞ்சுவது. டீ டேஸ்டர்கள் ஒரு கரண்டி எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று காற்றோடு சேர்த்து இழுப்பார்கள். நாக்கு முழுக்கப் பரவும், வாசனை தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். தட்டில் ஊற்றிச் சத்தமாக உறிஞ்சும் அப்பத்தாவை இத்தனை வருடம் அதட்டிய வீடுகள் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் இது. அவர் செய்தது தொழில்முறை ருசி பார்த்தல். ஆனால் அடுத்த படி, வாயில் வைத்ததைத் துப்ப வேண்டும். அதற்கு அப்பத்தா சம்மதிக்க மாட்டார். "காசு குடுத்து வாங்குனதத் துப்பவா?"

சாதா டஸ்டில் தொடங்கினால் மற்றவற்றுக்கு அளவுகோல் கிடைக்கும். சி.டி.சி. எந்திரம் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிப் பொடியாக்குகிறது. பொடிக்குப் பரப்பு அதிகம் என்பதால் நிறமும் கடுப்பும் சட்டென்று இறங்கும். பால் டீக்கு இதுதான் ராஜா. காந்தத்தை ஒரு பேப்பரில் சுற்றித் தூளுக்குள் துழாவினால் கறுப்பு மீசை கொஞ்சம் ஒட்டும். எந்திர உருளைகள் தேய்வதால் வரும் இரும்புத்தூள் அது. கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை சட்டம் பொறுத்துக்கொள்ளும். மீசை அடர்ந்து தாடியானால் கடையை மாற்றிக்கொள்ளலாம்.

இலைத் தேயிலைப் பாக்கெட்டில் 'புரோக்கன் ஆரஞ்சு பிக்கோ' என்று எழுதியிருக்கும். "ஆரஞ்சு வாசனையே வரலையே" என்பார் ஒருவர். "அதான் உடைஞ்சதுன்னு போட்டிருக்கே, எதுக்கு வாங்குனீக?" என்பார் மதினி. ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது இலையின் தரத்துக்கு வைத்த பெயர், உடைந்த இலை என்பதும் குறை அல்ல. இலையைப் பொடியாக்காமல் உருட்டி எடுக்கும் இந்தப் பழைய ஆர்த்தடாக்ஸ் முறையில் கொழுக்குமலையில் இன்றும் தேயிலை செய்கிறார்கள். மலை தேனி மாவட்டத்தில், ஜீப் பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. பால் ஊற்றினால் இந்த டீ காணாமல் போய்விடும். பால் ஊற்றிவிட்டு "மலை டீன்னாங்க, வெறும் வெந்நி" என்று சொல்வதுதான் நடைமுறை.

கிரீன் டீ கசந்தால் பெரும்பாலும் குற்றவாளி வெந்நீர். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொண்டு இறங்கும். தெர்மாமீட்டர் வேண்டாம். முக்கால் டம்ளர் கொதித்த தண்ணீரோடு கால் டம்ளர் பச்சைத் தண்ணீர் கலந்தால் 80 டிகிரிப் பக்கம் வந்து நிற்கும். இலையை அதில் போட்டு, இரண்டே நிமிடத்தில் வடித்துவிட வேண்டும். மூன்றாவது நிமிடம் வேப்பிலைக் கஷாயத்துக்கான முன்பதிவு.

ஏலக்காய் டீயில் பாக்கெட்டைப் பிரித்ததும் போடி ஏலக்காய்க் கடைத்தெருவே வீட்டுக்குள் வந்துவிடும், கப்பில் மட்டும் வராது. மேலாகச் சேர்த்த வாசனை எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும், தூளைக் கொதிக்க வைத்தால் இன்னும் வேகமாக. வீட்டிலேயே செய்வதானால், சாதா தூள் 100 கிராமுக்கு, விதை எடுத்த ஏலக்காய்த் தோல் நாலைந்தைப் போட்டு டப்பாவை இறுக்கி இரண்டு நாள் வைத்தால் போதும். தேயிலை வாசனையை இழுக்கிற சாதி. இரண்டு கப்புக்கு ஒரு காய் தட்டி, இறக்குவதற்கு ஒரு நிமிடம் முன்னால் போட்டால் பாக்கெட் ஏலக்காய் டீ தோற்றுப்போகும்.

மசாலா டீயில்தான் அசல் கலவரம். பாக்கெட்டில் இருப்பது சுக்குத்தூள். "உறைப்பு பத்தல" என்று யாராவது பச்சை இஞ்சியை நசுக்கி நேராகப் பாலில் போடுவார்கள். பால் திரியும். உடனே பால்காரருக்குத் திட்டு விழும். பாவம், அவர் மேல் தப்பில்லை. பச்சை இஞ்சியில் பால் புரதத்தை வெட்டுகிற என்சைம் ஒன்று இருக்கிறது. பால் சூடேறிக்கொண்டிருக்கும்போது அது சுறுசுறுப்பாக வேலை பார்க்கும், கொதித்தால் செயலிழந்துவிடும். நாலு பேருக்கு 400 மில்லி தண்ணீர், ஓர் அங்குல இஞ்சி, மூன்று நிமிடம் தளதளவென்று கொதி, பிறகு தூள் நாலு கரண்டி, ஒரு நிமிடம் கழித்துக் காய்ச்சிய பால் 200 மில்லி. இந்த வரிசை மாறாத வரை பால்காரர் நிம்மதியாகத் தூங்குவார். கருப்பட்டியோ வெல்லமோ என்றால் அடுப்பை அணைத்த பிறகுதான், அதுவும் பாலைத் திரிக்கக்கூடியது. பட்டைப்பொடியை அள்ளிப் போட்டால் திரியாது, கொழகொழவென்று வழுக்கும்.

லெமன் டீ பாக்கெட்டை வாங்குவதற்குப் பதில் எலுமிச்சம்பழம் வாங்கலாம். வரட்டீயை இறக்கியபின் கால் மூடி பிழிந்தால் நிறம் சட்டென்று வெளுக்கும். "தண்ணி ஊத்திட்டியா?" என்று சந்தேகப்பட வேண்டாம், புளிப்பு பட்டால் தேயிலையின் நிறம் அப்படித்தான் இளகும்.

சங்குப்பூவில் தேயிலையே கிடையாது. ஆறு காய்ந்த பூ, ஒரு கப் வெந்நீர், மூன்று நிமிடம், நீல மை ரெடி. எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் கத்தரிப்பூ நிறத்துக்குத் தாவும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். ருசி, பயறு வேகவைத்த தண்ணீர். அதே கொடி பின்பக்க வேலியில் சும்மா பூத்துக் கிடப்பதை அப்பத்தா அப்போதுதான் சொல்வார்.

சாக்லேட் டீயில் கோகோ கரையாமல் அடியில் சேறாக நிற்கும், வடிகட்டியை அடைக்கும். வேறு கப்பில் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுக் குழைத்துப் பாலில் சேர்த்தால் ஓரளவு தேறும். தேறாவிட்டாலும் பாக்கெட்டுக்குக் கிளிப் போட்டு வையுங்கள், சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், "குமுளி ஸ்பெஷல்" என்று கொடுத்தனுப்பலாம்.

மிச்சத்தை எவர்சில்வர் டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி, அஞ்சறைப்பெட்டிக்கு எட்டடி தள்ளி வையுங்கள். பக்கத்தில் எது இருந்தாலும் தேயிலை அந்த வாசனைக்கு மாறிவிடும். குமுளிக் கடைகளில் இன்னும் வராத ருசி பெருங்காய டீ ஒன்றுதான், அதை நம் வீட்டு அலமாரி முதலில் கண்டுபிடிக்க வேண்டாம்.