சாமியார் படம் போட்ட அந்த ஆல்பம்

நேத்து ராத்திரி எங்க யாங்கோன்ல வழக்கம்போல கரண்ட் போச்சு, போன்ல சார்ஜ் இருந்துச்சேன்னு ரேஜ் அகைன்ஸ்ட் தி மெஷின்ங்குற அமெரிக்க ராக் பேண்டோட முதல் ஆல்பத்த போட்டேன், 1992ல வந்தது. அம்மா எட்டிப் பாத்தாங்க, அட்டைல நெருப்புக்குள்ள உக்காந்திருக்காரே அவர பாத்து "ஏண்டா, இதப் போய் வச்சிருக்க?"ன்னு முகம் மாறிப்போச்சு. 1963ல வியட்நாம் சைகோன்ல தன்ன எரிச்சுக்கிட்ட புத்த சாமியார் திக் குவாங் டக், மால்கம் பிரவுன்ங்குற போட்டோகிராஃபர் எடுத்த போட்டோன்னு சொன்னேன். புத்த சாமியார தினமும் கும்பிடுற ஊராச்சே, அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்ல.

சரி, சவுண்டுக்கு வர்றேன். டிஜே டர்ன்டேபிள்ல ரெக்கார்ட முன்ன பின்ன தேச்சு ஸ்க்ராட்ச் பண்ற மாதிரி வருதுல்ல, அது அத்தனையும் கிடார்தான்! சாம்பிள் (வேற ரெக்கார்டுலேர்ந்து வெட்டி எடுக்குற துண்டு), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் இல்லன்னு அட்டைலயே எழுதியிருப்பாங்க. கிடாரிஸ்ட் டாம் மொரெல்லோ, கிடார்ல கம்பி அதிர்வ பிடிக்கிற பிக்கப் ரெண்டுல ஒண்ணோட வால்யூம ஜீரோல வச்சிட்டு, இன்னொண்ண ஃபுல்லா வச்சு, நடுவுல இருக்குற சுவிட்ச்ச டக் டக்குன்னு தட்டுவாரு, சத்தம் துண்டு துண்டா வெட்டுப்படும், 'நோ யுவர் எனிமி' பாட்டு ஆரம்பத்துல கேளுங்க. தம்பி கேட்டுட்டு "நம்ம வீட்டு கரண்ட் மாதிரி இருக்குண்ணே"ங்குறான், படவா.

பாடகர் ஜாக் டி லா ரோச்சா ராப் பண்றப்ப பேஸும் டிரம்ஸும் இடம் விட்டு ஒதுங்கி நிக்கும், அப்புறம் மொத்தமா வந்து விழும். ஆல்பத்தோட கடைசிப் பாட்டுங்க கொஞ்சம் ஒரே மாதிரி போகுது, எனக்கு. பாதில சார்ஜும் போயிருச்சு.