இரண்டாவது தபால்தலை

மார்ச் 1, ஞாயிறு

மேசை முழுவதும் தபால்தலைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் மகள் வந்து, "எதுக்குப்பா இதையெல்லாம் சேர்க்கிறீங்க?" என்று கேட்டாள். "சும்மாதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேனே தவிர, அந்தப் பதில் எனக்கே போதவில்லை. சென்ற ஆண்டு பெரியப்பா காலமான பின் அவருடைய தகரப் பெட்டி என் கைக்கு வந்தது. அதுவரை நான் எதையும் சேர்த்தவனில்லை. பழைய காகிதத்தைக் கண்டால் கிழித்துப் போடுகிற ஆள். பெட்டி வந்ததுதான் காரணம் என்றால், அதை அப்படியே பரணில் போட்டு வைத்திருக்கலாமே. நாற்பத்தாறு வயதில் இடுக்கியும் உருப்பெருக்கியும் வாங்கியதற்கு வேறு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

மார்ச் 3, செவ்வாய்

உடைமை ஆசைதான் காரணம் என்பது பலரும் முதலில் சொல்லும் விளக்கம். கானமன், நெட்ச், தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குத் துணை நிற்பது போலத் தோன்றுகிறது. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் குவளை ஒன்றைக் கொடுத்து, அதை என்ன விலைக்கு விற்பார்கள் என்றும், குவளை கிடைக்காதவர்கள் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்றும் கேட்டார்கள்; சில நிமிடங்களே கையில் வைத்திருந்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விலை கேட்டார்கள். நல்ல ஆய்வுதான். ஆனால் கையில் இருப்பதை விட ஏன் மனம் வருவதில்லை என்பதற்குத்தான் இது விடை. கையில் இல்லாததைத் தேடி ஒருவன் ஏன் கிளம்புகிறான் என்பதற்கு இதில் விடை இல்லை.

பணத்துக்காகச் சேர்க்கிறார்கள் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. பிரிட்டிஷ் கயானா 1856-இல் வெளியிட்ட ஒரு சென்ட் தபால்தலையில் இன்று அறியப்பட்டிருப்பது ஒன்றே ஒன்று. 1873-இல் அதைக் கண்டெடுத்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். சில ஷில்லிங்குகளுக்கு விற்றுவிட்டான். 2014-இல் அது ஏலத்தில் சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது. அந்தச் சிறுவனும் சேகரிப்பாளன்தான். பணம் அவனைத் தேடி வரவுமில்லை, அவன் சேர்ப்பதற்குப் பணம் காரணமாக இருக்கவுமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

இன்று ஊறவைத்தேன். உறையோடு ஒட்டியிருக்கும் தபால்தலையைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு வெட்டி, தட்டில் ஊற்றிய தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். கால் மணி நேரத்தில் பசை இளகி, தலை தானாகவே காகிதத்தை விட்டு நழுவும். அவசரப்பட்டு உரித்தால் கிழியும். இடுக்கியால் எடுத்து, மை உறிஞ்சும் தாளின் மேல் முகம் கீழாக வைத்து, மேலே இன்னொரு தாளும் கனமான புத்தகமும் வைக்க வேண்டும்.

காய்ந்தவற்றில் ஒரே மாதிரி இரண்டு இருந்தன: அதே படம், அதே நீலம், அதே மதிப்பு. ஒன்றை உபரியென்று ஒதுக்கப் போனவன், ஏதோ உறுத்தவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஓரத்துப் பற்கள் ஒன்றில் நெருக்கமாகவும் மற்றொன்றில் சற்று விலகியும் இருந்தன. இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பதே இதற்குரிய கணக்கு. எண்ணினேன்: ஒன்றில் 14, மற்றொன்றில் பன்னிரண்டரை. அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் அதன் ஓரத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன். இரண்டாவது வந்த பிறகுதான் முதலாவதைப் பார்த்தேன்.

அந்தச் சந்தோஷத்திலேயே ஒரு தவறும் செய்தேன். அடுத்த தட்டில் சிவப்பு உறைத் துண்டு ஒன்றையும் மற்றவற்றோடு போட்டுவிட்டேன். சாயம் இறங்கி, பெரியப்பா வைத்திருந்த பச்சைத் தபால்தலை ஒன்று அழுக்கு ரோஜா நிறமாகிவிட்டது. எத்தனை முறை அலசியும் போகவில்லை.

மார்ச் 9, திங்கள்

ஆல்பத்தின் வெற்றுக் கட்டங்கள் நிறைந்த கட்டங்களைவிட அதிகம் இழுக்கின்றன. குரங்குகளை வைத்து உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த ஆய்வில், பழக்கமான பின், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் பழச்சாறு கிடைத்தபோது துடிக்கவில்லை. சாறு வரப்போவதைக் காட்டும் அடையாளம் தெரிந்தபோதே துடித்தன. ஓரளவு உண்மை. ஆயினும் சீட்டாட்டக்காரனுக்கும் இதே விளக்கம் பொருந்துவதால், சேகரிப்பவனைத் தனியே இது காட்டவில்லை.

மார்ச் 14, சனி

டார்வின் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது ஒரு நாள் மரப்பட்டையை உரிக்கையில் இரண்டு அரிய வண்டுகளைக் கண்டு கைக்கொன்றாகப் பிடித்தார். அந்நேரம் மூன்றாவது, புதுவகை வண்டு ஒன்று தென்பட, வலக்கையிலிருந்ததை வாயில் போட்டுக்கொண்டார். அது பீய்ச்சிய காரமான நீர் நாக்கைச் சுட, துப்பிவிட்டார். மூன்றாவதும் கைநழுவிப் போனது. அவரே எழுதி வைத்திருக்கிறார். இதில் பேராசை மட்டும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. மற்றவர்களுக்கு அது 'ஒரு வண்டு'. அவருக்கோ மூன்றும் வேறு வேறு.

பிராய்ட் சேர்த்த பழம்பொருள்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். அவருடைய தந்தை இறந்தது 1896-இல். அதை ஒட்டியே அவர் சேர்க்கத் தொடங்கினார். தகரப் பெட்டியை நினைத்துக்கொண்டு இந்த வரியில் சற்று நேரம் நின்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

இன்றைய இராக்கில் உள்ள 'ஊர்' என்ற பண்டைய நகரத்தை அகழ்ந்த லெனார்டு வூலி, 1925-இல் ஓர் அறையில் வெவ்வேறு நூற்றாண்டுகளின் பொருள்கள் ஒன்றாக இருக்கக் கண்டார். கூடவே விளக்கம் எழுதிய சிறு களிமண் உருளை ஒன்றும் கிடைத்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த அறையை ஓர் அருங்காட்சியகம் என்றே அவர் கருதினார். என்னை ஈர்ப்பது அந்த உருளை. பொருளை வைத்தவர், அது எது என்று எழுதியும் வைத்தார். எதையும் எறிய முடியாமல் குவித்து வைப்பதை 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல் தனி நோயாகவே குறிப்பிடுகிறது. குவிப்பவர் வீட்டிலும் பொருள்கள் உண்டு, எது என்ன என்று சொல்லும் இத்தகைய சீட்டுதான் இல்லை.

பெரியப்பாவும் ஒவ்வொன்றின் கீழும் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "அண்ணன் கடிதம்", "இரட்டை, மை வெளிறியது", ஓரிடத்தில் வெறுமனே "சந்தேகம்".

மாலையில் மகள் வந்து, சாயமேறிய பச்சையைக் காட்டி, "இதைத் தூக்கிப் போட்டுடலாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்லி, நல்ல பச்சை ஒன்றின் பக்கத்தில் ஒட்டினேன். பென்சிலைச் சீவி, கீழே எழுதினேன்: "நானே கெடுத்தது. மார்ச் 8."