ஆளுக்கு ஒரு சந்திரபாபு பாட்டு

மார்ச் 1, ஞாயிறு – கொழிஞ்சாம்பாறை

பாலக்காட்டுச் சித்தூரில் கொங்கன் படை முடிந்து ஸ்பீக்கர், குழாய் எல்லாம் ஷெட்டுக்கு வந்தாயிற்று. (கொங்குப் படையை விரட்டின கதையைக் கொண்டாடுகிற திருவிழா. கொங்குத் தமிழ் பேசுகிற நான்தான் மைக் செட் கட்டுகிறேன். வாடகை ஒழுங்காக வந்துவிடுகிறது, அப்புறம் என்ன பகை!) இனி விஷு வரைக்கும் பெரிய புக்கிங் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் டீக்கடையில் டெய்லர் மாமாதான் ஆரம்பித்தார். "செட்டு சும்மாதான கெடக்குது? வர்ற ஞாயித்துக்கெழம சந்திரபாபு பாட்டு மட்டும் பாடுவமுங்க. ஆளுக்கு ஒண்ணு. அவுரு போனதும் மார்ச் மாசந்தான்." நகைச்சுவை நடிகரும் பாடகருமான ஜே.பி. சந்திரபாபு இறந்தது 1974 மார்ச். மாமாவுக்குச் சொந்தக்காரர்கள் திதி மறந்தாலும் இதெல்லாம் மறக்காது. ஒருத்தர் எடுத்த பாட்டை இன்னொருத்தர் எடுக்கக் கூடாது, எழுதிவைக்கிற வேலை என்னுடையது என்று அங்கேயே முடிவாயிற்று.

மார்ச் 2, திங்கள்

காலையிலிருந்தே பேர் கொடுக்கிறார்கள். ரிட்டையர்டு வாத்தியார் முதல் ஆளாக வந்து 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' என்றார். 1962இல் வந்த 'அன்னை'. அடுத்து பால் சொசைட்டி அண்ணன், 'பிறக்கும்போதும் அழுகின்றாய்'. 1960, 'கவலை இல்லாத மனிதன்', கண்ணதாசன் சொந்தமாக எடுத்த படம். மூன்றாவதாக வந்தவர் 'ஒண்ணுமே புரியலே உலகத்திலே'. 'குமார ராஜா', 1961.

மூன்றும் நல்ல பாட்டு, மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேரும் பாட்டைச் சொல்லுவதற்கு முன்னால் அதே கதையைச் சொன்னார்கள். எம்.ஜி.ஆரை வைத்து ஆரம்பித்த 'மாடி வீட்டு ஏழை' நின்றுபோனது, கடன், குடி, கடைசிக் காலம். பால் சொசைட்டி அண்ணன் ஸ்கூட்டரை ஆஃப் பண்ணாமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இந்த ஆளை நினைத்தாலே நம் ஜனங்களுக்கு முதலில் பரிதாபம் வருகிறது, குரல் அதற்கப்புறம்தான். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, சென்னைக்கு வந்து தமிழ்ப் பாட்டுக்குள் வெள்ளைக்காரன் தினுசுகளை எல்லாம் கூச்சமில்லாமல் கலந்த பாடகன். அதைப் பேச ஆளில்லை.

நோட்டில் மேலே பெரிதாக எழுதிவிட்டேன்: 'கதை சொல்லக் கூடாது. பாட்டு மட்டும்.'

மார்ச் 4, புதன்

ஆட்டோ ஓட்டுகிற பையன் சாயங்காலம் ஷெட்டுக்கு வந்தான். அவனுக்கு 'குங்குமப் பூவே கொஞ்சு புறாவே'. "ஈசியான பாட்டுங்கண்ணா, ஜாலியா இருக்கும்." 1959, 'மரகதம்'. கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ படம். வாளையாரைத் தாண்டினால் அந்த ஊர், எனவே பாதி நம் பாட்டு என்று மாமா உரிமை கொண்டாடுவார். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசை. ஜமுனா ராணி கூடப் பாடியிருப்பார். கரோக்கி டிராக் போட்டுக்கொடுத்தேன். முதல் வரியே இடித்தது. இரண்டாவது வரியில் தாளம் அவனை விட்டுவிட்டு ஓடிவிட்டது.

எங்கே மாட்டுகிறது என்றால், சந்திரபாபு வார்த்தையை மெட்டின் மேல் உட்காரவிட மாட்டார். பேசுவதுபோல் கொஞ்சம் முன்னால் தள்ளுவார், கொஞ்சம் இழுத்துப் பிடிப்பார், ஆனால் தாளம் தொடங்குகிற சமத்துக்கு டாண் என்று வந்து நிற்பார். கேட்கிறவனுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும். பாடிப் பார்த்தால் மூச்சு வாங்கும். சோகப் பாட்டில் தப்பு விழுந்தால் 'உருகிட்டான்' என்று விட்டுவிடுவார்கள். வேடிக்கைப் பாட்டில் ஒரு மாத்திரை தவறினாலும் சிரிப்பு போய்விடும், நிற்க இடமிருக்காது.

பையனை அனுப்பிவிட்டு யோடலிங்கை நானே முயன்று பார்த்தேன். ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்க்கிறவர்கள் கத்திக் கூப்பிடுவதிலிருந்து வந்த சங்கதி. நெஞ்சுக் குரலில் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று கள்ளத்தொண்டைக்குத் தாவி, அதே வேகத்தில் கீழே வரவேண்டும். மற்ற பாடகர்கள் அந்த இடத்தில் குரல் உடையாமல் இருக்கத்தான் சாதகம் பண்ணுவார்கள். இதில் அந்த உடைசல்தான் அழகு. இந்தியில் கிஷோர் குமார் செய்தார், தமிழில் இவர். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து "ஏனுங்க, மேலுக்கு முடியலீங்களா?" என்று கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

டீக்கடைச் சேட்டன் கொச்சிக்காரர், கல்யாணம் கட்டி இங்கே வந்தவர். இத்தனை நாள் கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர் இன்று வாயைத் திறந்தார். "ஞங்ஙளுக்கு மெஹ்பூப் உண்டல்லோ."

கொச்சி மெஹ்பூப். 'நீலக்குயில்' படத்தில் 'மானென்னும் விளிக்கில்லா' பாடியவர். மலையாளத்தின் முதல் கலர் படமான 1961இன் 'கண்டம் பெச்ச கோட்டு', அதில் அந்தக் கோட்டுப் பாட்டும் அவர்தான். சேட்டன் மேசையில் தட்டிக்கொண்டே நாலு வரி பாடினார். மெஹ்பூபுக்கு யோடலிங் கிடையாது, ஆங்கிலக் கொழுப்பும் கிடையாது. மாப்பிளைப் பாட்டு (கேரள முஸ்லிம்களின் நாட்டுப்பாட்டு) வாசனை. ஆனால் பாட்டுக்கு நடுவில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துக் கண்ணடிக்கிற மாதிரி ஒரு குரல் இருக்கிறதே, அதில் இரண்டு பேரும் பங்காளிகள்.

மெஹ்பூபைப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஓட்டுக்கு விட்டோம். தோற்றுவிட்டார். சேட்டன் அந்த ஆத்திரத்தில் எனக்கு மட்டும் சர்க்கரை இல்லாத டீ கொடுத்தார்.

மார்ச் 6, வெள்ளி

அத்தை (டெய்லர் மாமாவின் அக்கா) தொண்டு கிழவி, கயிறு திரிக்கப் போன கை. வாசலில் நின்றபடியே "எனக்கு 'உனக்காக எல்லாம் உனக்காக' எழுதிக்கோ கண்ணு" என்றது. 'புதையல்', 1957. பட்டுக்கோட்டையார் பாட்டு, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. விஸ்வநாதன் நம் எலப்புள்ளியில் பிறந்தவர், வண்டி எடுத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம்.

"பாடறயா அத்தை?"

"நானெங்க பாடறது. நீ போடு, நான் கேக்கறேன்."

இலங்கை வானொலியில் கேட்டதாம். அப்போதெல்லாம் தோட்டத்து வீட்டில் ஒரே ரேடியோ, அதைச் சுற்றி வேலைக்காரர்கள் திண்ணையில். பேர் சொல்லிப் பாட்டு போடுவார்கள், இந்த ஊர் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். வந்ததா என்று கேட்டதற்கு, "வராட்டி என்ன, பாட்டு வந்துச்சுல்ல" என்றது.

அது போனபிறகு ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். என் நோட்டில் ஒரு பக்கம் சிரிப்பு, மறு பக்கம் தத்துவம் என்று கோடு போட்டு வைத்திருந்தேன். இந்தப் பாட்டு எந்தப் பக்கம்? காதலன் கெஞ்சுகிறான், கெஞ்சுவதையே கேலியும் பண்ணுகிறான், அந்தக் கேலிக்குள் நிஜமான ஏக்கமும் இருக்கிறது. மூன்றையும் ஒரே மூச்சில் வைத்திருக்கிறார். பக்கத்தைக் கிழித்துவிட்டு ஒரே வரிசையாக எழுதினேன்.

மார்ச் 7, சனி

வெயில். ஆறுமணி வரைக்கும் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கியாயிற்று.

மார்ச் 8, ஞாயிறு, இரவு

ஷெட்டுக்கு முன்னால் பாய் விரித்து, குழாய் கட்டாமல் ரெண்டே ரெண்டு பாக்ஸ் வைத்தேன். எக்கோவைக் கிட்டத்தட்ட மூடிவிட்டேன். எக்கோ போட்டால் எல்லாரும் நல்ல பாடகர் ஆகிவிடுவார்கள், சந்திரபாபு மட்டும் காணாமல் போய்விடுவார்.

வாத்தியார் 'புத்தியுள்ள மனிதரெல்லாம்' பாடுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு "அந்த மகா கலைஞன் தன் கடைசி நாட்களில்..." என்று ஆரம்பித்தார். நோட்டைத் தூக்கிக் காட்டினேன். முறைத்தார். ஆனால் உபந்நியாசம் இல்லாமல், அழாமல், நடந்துபோகிற ஆள் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி பாடினார். அதுதான் அந்தப் பாட்டின் நடையே. இத்தனை நாள் அவர் பாடியதில் இதுதான் ஒழுங்கு, அவரிடம் சொன்னால் அடிப்பார்.

டெய்லர் மாமா 'நான் ஒரு முட்டாளுங்க'. 1959இன் 'சகோதரி'யில் பால்காரர் வேஷத்துப் பாட்டு. மாமா பால் கேனும் கொண்டுவந்திருந்தார், சொசைட்டி அண்ணனுடைய கேன். சிரித்துச் சிரித்து வரி மறந்தது, கூட்டமே எடுத்துக் கொடுத்தது. யாரோ 'பம்பரக் கண்ணாலே', யாரோ 'சிரிப்பு வருது சிரிப்பு வருது'. ஆட்டோப் பையன் டிராக்கே வேண்டாம் என்றுவிட்டான். தபேலா மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகப் பிடித்தான். ஜமுனா ராணி வரிக்கு ஆளில்லாமல் முழித்தபோது பால் சொசைட்டி அண்ணனின் சம்சாரம் பாயில் உட்கார்ந்தபடியே எடுத்தார். அண்ணன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கே தெரியாதாம்.

அத்தை பாட்டை ஒரிஜினலாகவே போட்டேன். முடிந்ததும் "சத்தம் கொஞ்சம் கம்மி" என்று ஒரே ஒரு குறை. மறுபடி போட்டேன், கூட்டி.

கடைசியில் சேட்டன் மைக்கை வாங்கி, ஓட்டில் தோற்ற மெஹ்பூபைப் பாடியே விட்டார். யாரும் தடுக்கவில்லை. அடுத்த மாதம் முழுக்க மெஹ்பூபா, இல்லை நம் பாடகர் ஏ.எல். ராகவனா என்று பேச்சு ஓடுகிறது. மெஹ்பூப் என்றால் டிராக் தேடித் திரிய வேண்டியிருக்கும். கீபோர்டு தம்பிக்கு விஷு சீசனுக்கு முன்னாலேயே சொல்லிவைத்து, சேட்டனுக்கு என்ன ஸ்கேல் ஒத்துவரும் என்று பார்க்கச் சொல்ல வேண்டும்.