பேரு போடலியே அக்கா

குழந்தைகளுக்காக வேலை செய்யும் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில், சூட்டுக்காயத்தோடு இருந்த ஒரு குழந்தையின் படத்தை ஏன் போட்டாய் என்று கூட வேலை செய்பவளைக் கண்டித்தேன். “பேரு போடலியே அக்கா” என்றாள். போடவில்லைதான். முகத்தைக்கூட மஞ்சள் வட்டம் வைத்து மறைத்திருந்தாள். ஆனால் யூனிஃபார்ம் பாக்கெட்டில் பள்ளியின் சின்னம் தெரிந்தது. படத்துக்குக் கீழே குப்பத்தின் பேர், வயசு, அப்பா என்ன வேலை என்று ஒரு வரி. தேவனாம்பட்டினமோ சோனாங்குப்பமோ, அந்த மூன்றும் போதும், யாரும் நேரே வீட்டு வாசலில் போய் நிற்கலாம். (இங்கே சில விவரங்களை நானும் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு பேரோடு நிற்கவில்லை. முகவரி, பள்ளி, அடையாளம் காட்டும் வேறு எதுவுமே வெளியே வரக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எங்கள் குரூப்பிலோ 43 பேர். வேலையை விட்டுப் போனவர்களும் அதில்தான் கிடக்கிறார்கள்.

அவளிடம் ‘டெலீட் ஃபார் எவ்ரிஒன்’ பண்ணச் சொன்னேன். அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை வாட்ஸ்அப் அதற்கு விடும். ஆனால் கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் படங்களுக்கும் பேக்கப் போட்டு வைத்தவர்களிடம் அதற்குள் ஒரு பிரதி ஏறியிருக்கும், அது அழியாது. வாட்ஸ்அப் சொல்லும் ‘எண்ட்-டு-எண்ட்’ பூட்டு என்றால் வழியில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான். வந்து சேர்ந்த போன் வீட்டில் யார் கையில் இருக்கிறதோ! சாட் பேக்கப்புக்கு அந்தப் பூட்டை நாம்தான் தனியாகப் போட வேண்டும்.

மறுநாள் எல்லோர் போனையும் வாங்கி ஆட்டோ டவுன்லோட், மீடியா விசிபிலிட்டி (வந்த படம் கேலரியில் தெரிவது) இரண்டையும் நிறுத்தினோம். பூட்டிய திரையில் மெசேஜ் தெரியாமல் மறைத்தோம். ஆறு இலக்க பின் போட்டோம். குரூப்பில் இனி கேஸ் நம்பர் மட்டும். மற்றதெல்லாம் போனில் பேசிக்கொள்வது.

கண்டித்தது சரிதான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் குரூப்பில் அந்தப் படத்தைப் பார்த்துத்தான், முன்பு நர்ஸாக இருந்த ஒருவர், “சாம்பார் கொட்டினா ஓரம் இப்படி நறுக்குனு இருக்காது, வழிஞ்சு சிதறியிருக்கும். இது கரண்டியைக் காய்ச்சி வெச்ச சூடு” என்றார். அன்று ராத்திரியே குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னோம். குழந்தையின் அம்மா சொன்ன, சாம்பார் கொட்டிவிட்டது என்ற கதையை அதுவரை நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். படத்தை எனக்கு மட்டும் அனுப்பியிருந்தால்?

படம் போட்டவள் இப்போது எதையும் அனுப்புவதில்லை. போன வாரம் இரவு பத்தரைக்கு அவளிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். மெசேஜ் இல்லை. காலையில்தான் பார்த்தேன்.